நம் தெருவில் ஒரே ஹாரன்

என் வயதுக்காரர்களே, இது உங்களுக்குத்தான். நாற்பதை இன்னும் தொடவில்லை என்றாலும், ஏலக்காட்டு ஈரத்தில் நின்ற முழங்காலுக்கு வயது வேறு கணக்கு. கூட்டத்தில் எழுந்து நின்று பேச எனக்குத் தெம்பில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மலையில் நிழல் மரத்துக் கிளை முறிந்து விழுந்து நம்மில் ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். உடல் ஊருக்கு வருமுன்பே அவள் மகளைத் தேவாரம் ஊரில் இருக்கிற சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அடக்கம் முடிந்த மறுநாள் எல்லோரும் கூடினோம். "அம்மா மேல தங்கி வேலை பாக்குறான்னு சொல்லி வைப்போம். சின்னப் புள்ள, தாங்காது. பெரிசானதும் தானாத் தெரிஞ்சுக்கட்டும்" என்று பேச்சு வந்தது. எல்லோரும் தலையாட்டினீர்கள். பிள்ளை மீது அத்தனை பாசம் உங்களுக்கு. அதைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நம்மைப் பெற்றவர்கள் என் தலைக்கு மேல் இதையேதான் பேசினார்கள். நீங்களும் அப்போது இருந்தீர்கள், டவுசரும் பாவாடையுமாக. மறந்திருப்பீர்கள். நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே அலுத்துப்போன கதை இது.

கூடலூரில் அப்போது விடிவதற்கு முன்பே, பெண்களை மலைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போகிற ஜீப்புகள் வந்துவிடும். நம் தெருவுக்கு வருகிற டிரைவர் அண்ணன் தெருமுனையில் ஒரு தடவை ஹாரன் அடிப்பார், நடுத்தெருவில் ஒரு தடவை, அப்புறம் எழுந்திருக்காத வீட்டு வாசலில் நின்று அடித்துக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டு வாசலில்தான் அதிகம் அடிப்பார். என் அம்மா சோம்பேறி இல்லை, ஆனால் எதையாவது மறந்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடிவருவாள். தலைத்துண்டு, அட்டை கடிக்காமல் காலில் தேய்க்கிற புகையிலை, மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் காகிதம், ஏதாவது ஒன்று. நான் பாயில் கிடந்தபடி அந்த ஹாரனையும் அவள் ஓட்டத்தையும் அரைத் தூக்கத்தில் கேட்பேன். பிறகு ஜீப் போய்விடும். நான் மறுபடி தூங்குவேன்.

சாயங்காலம் வருகிறபோது அவள் விரல்கள் ஏலக்காய்ப் பிசின் ஏறிக் கறுத்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. என் தலையைப் பின்னும்போது அந்த வாசம் முடியில் ஒட்டும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் குனிந்து எழுதும்போது எனக்கே தெரியும். சம்பள நாளில் குமுளியில் பழம்பொரி, அதுதான் நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கிவருவாள். தூக்குச்சட்டியில் சோறு இருந்த இடத்தில் வைத்துக் கொண்டுவருவதால் அதில் ரசவாடை அடிக்கும். "மலையாளத்துக்காரன் கடைப் பலகாரத்தை ரசத்துல முக்கித் தின்னது நாம மட்டுந்தான்" என்று சிரிப்பாள். அவள் சிரிப்பு கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். அத்தைக்கு அது பிடிக்காது.

சாரல் மாதத்தில் ஒருநாள், நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது அத்தை வந்து வாசலில் நின்றாள். அப்பாவின் அக்கா அவள். டீச்சரிடம் ஏதோ சொன்னாள். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பைக்கட்டோடு அத்தை என்னைப் பஸ் ஏற்றினாள். மயிலாடும்பாறையில் பெரியம்மா ஊரில் திருவிழாவாம்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஜன்னல் சீட்டு கிடைத்தது. தேனி பஸ் ஸ்டாண்டில் குச்சி ஐஸ் கேட்டேன், எப்போதும் சளி பிடிக்கும் என்று மறுக்கிற அத்தை மறுபேச்சில்லாமல் வாங்கித் தந்தாள். இன்னொன்று கேட்டேன், அதுவும் கிடைத்தது. நான் பாடிக்கொண்டே போனேன். பக்கத்துச் சீட்டு அம்மா "புள்ள நல்லாப் பாடுதே" என்றாள். அத்தை சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

மயிலாடும்பாறையில் திருவிழா எதுவும் இல்லை. "மழையால தள்ளிப் போட்டுட்டாக" என்றாள் பெரியம்மா. மழையே இல்லை அங்கே. வெயிலில் புழுதி பறந்தது. பெரியம்மா என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவாள். கேட்டால் கண்ணில் தூசி. ஒரு ஆட்டுக்குட்டியை என்னிடம் கொடுத்து வளர்க்கச் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் என்னை ஊருக்குக் கூட்டிவந்தார்கள். ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வருவதற்கு நான் அழுத அழுகையைப் பார்த்து பெரியம்மா, "அழுதுரு தாயி, நல்லா அழுதுரு" என்றாள். ஆட்டுக்குட்டிக்கு இவ்வளவு சொல்கிறாளே என்று நினைத்தேன்.

வீடு வெள்ளையடித்திருந்தது. கொடியில் அம்மா சேலை இல்லை. உத்தரத்துக் கொக்கியில் தூக்குச்சட்டி இல்லை. அவள் சீப்பு, கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிவைக்கிற பொட்டு, தலைத்துண்டு, ஒன்றுமில்லை. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அம்மா மேல எஸ்டேட் வீட்டுலயே தங்கி வேலை பாக்குறா ஆத்தா. மழை முடியவும் வந்துருவா."

நான் சரி என்றேன். சாமான்களை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒட்டுப்பொட்டையுமா எடுத்துப் போவாள் என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனோம். பக்கத்தில் நின்றவள் என் காதில் சொன்னாள். "உங்கம்மா செத்துப் போச்சுடி. ஜீப்பு உருண்டுருச்சு. எங்கம்மா உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்கு. நான் சொன்னேன்னு சொல்லிராத." அவள் இதைப் படிக்கிறவர்களில் ஒருத்தி. பதறாதே, பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் என்னிடம் உண்மை பேசிய முதல் ஆள் நீதான், அதற்காக உனக்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டுவிடுவது என்று வீட்டுக்குப் போனேன். அப்பா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம். எண்ணெய் ஊறிய மலையாளப் பேப்பர்.

"அம்மா குடுத்துவிட்டா" என்றார். "ஜீப்புல வந்தவுககிட்டக் குடுத்துவிட்டா."

பழம்பொரி. குமுளிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்திருக்கிறார். அம்மா போன அதே மலை ரோட்டில், அதே வளைவைத் தாண்டி. நான் வாங்கித் தின்றேன். ரசவாடை இல்லை. "நல்லாருக்கா ஆத்தா?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். அவர் முகம் அப்போது தெளிந்ததை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

அன்றிலிருந்து நானும் நடிக்கத் தொடங்கினேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நம் தெரு மூடிக் காட்டியது. நான் வந்தால் பேச்சு நிற்கும். டெலிபோன் பூத்துக்காரர் கடையில் செய்தித்தாளை மடித்துவைப்பார். ஜீப்புகள் தெருவுக்குள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ஹாரன் கேட்டால் பிள்ளை ஏங்கும் என்று, அத்தனை பெண்களும் தூக்குச்சட்டியோடு மெயின் ரோடு வரை இருட்டில் நடந்தார்கள், மழையிலும். எனக்காக. இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும்? நான் கேட்கவில்லை என்றால் பெரியவர்கள் சங்கடப்பட்டார்கள், இவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பேன். "எங்கம்மா எப்ப வரும்?" உடனே அவர்களுக்கு நிம்மதி. "வந்துருவாக தாயி, மழை விடவும் வந்துருவாக." நானும் போய்விடுவேன்.

வாய் நடித்தது. உடம்புக்கு நடிக்கத் தெரியவில்லை. பாயை நனைத்தேன். சோற்றை உருட்டிப் பைக்குள் ஒளித்துவைத்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. மெயின் ரோட்டில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் கை நடுங்கி சிலேட்டுக்குச்சி விழும். ஒருநாள் உங்களில் ஒருவன் பின்னால் வந்து வாயாலேயே ஹாரன் சத்தம் போட்டான், அவன் மூக்கில் ரத்தம் வரும்வரை அடித்தேன். டீச்சர் ஏன் அடித்தாய் என்று கேட்டார். "வாயைத் திறக்க மாட்டியோ? அவ்வளவு திமிரா?" என்று வெளியே நிறுத்தினார். பாதி நாள் நான் வெளியில்தான் நின்றேன். உள்ளே இருப்பதைவிட அது எனக்குச் சுகமாகவே இருந்தது.

புள்ள எதையோ கண்டு பயந்துவிட்டாள் என்று அத்தை முடிவுகட்டினாள். குறிசொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். அவர் உடுக்கை அடித்துவிட்டு, "எதைப் பாத்துப் பயந்த? மறைக்காமச் சொல்லு" என்றார். சொல்லியிருப்பேன். அவருக்குப் பின்னால் அப்பா நின்றார். வேண்டாம் வேண்டாம் என்று கோடாங்கிக்குக் கண்ணால் சைகை செய்துகொண்டிருந்தார். "நாயைப் பாத்து" என்று சொன்னேன். நாய்ப் பயம் போக எனக்குத் தாயத்து கட்டினார்கள். கறுப்புக் கயிறு இடுப்பில் அரித்தது.

ஒன்றும் சரிப்படவில்லை. மதுரைப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்துவிடுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. "தீபாவளி கழியவும் கொண்டுபோய் விட்ருவோம். இங்கன இருந்தா இது இப்படியேதான் இருக்கும்" என்றாள் அத்தை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றார். அம்மாவும் இல்லை, இனி அப்பாவும் இல்லை. ஒழுங்காக நடித்தும் அனுப்புகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் நன்றாக நடிக்க வேண்டும் போல என்றும் நினைத்தேன்.

அடுத்த வீட்டு ராவுத்தரம்மா அத்தையிடம் சொன்னார். "எதுக்கும் பள்ளிவாசல்ல ஓதிப் பாப்போம் மதினி. மஃரிப் தொழுகை முடியவும் கூட்டிட்டு வாங்க." அந்தி நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பெண்கள் பிள்ளைகளோடும் தண்ணீர்ச் சொம்போடும் காத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதித் தண்ணீரில் ஊதிவிட்டுப் போவார்கள்.

அங்கே ஒரு அக்கா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு குட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தாள். கீழத்தெருக்காரி. பக்கத்தில் அவளுடைய சொம்பு. அம்மா போன ஜீப்பில் போய்ப் பிழைத்தவள் அவள் என்பது எனக்குத் தெரியும். தேனி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு வண்டிச் சத்தம் கேட்டால் அலறுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் பயந்த கோளாறுதானாம். அவளிடமும் எல்லோரும் மறந்துரு, மறந்துரு என்றே சொன்னார்களாம்.

அத்தை ராவுத்தரம்மாவோடு பேசப் போனாள். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அக்கா, எங்கம்மா எப்ப வரும்?"

அவள் வந்துருவாக என்று சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாதாக்கும்?"

என் நடிப்பைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு வசனம் மறந்துபோயிற்று.

"தெரியும்" என்றேன்.

"அப்புறம் ஏன்டி கேக்குற?"

"கேக்கலைன்னா அப்பா ஒரு மாதிரியாப் பாக்குறாக."

அவளுக்கும் கை நடுங்குவதைப் பார்த்தேன், என்னுடையதைப் போலவே. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. இத்தனை நாள் என் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"அம்மா பயந்துச்சாக்கா? என்னையக் கூப்பிட்டுச்சா?"

"இல்லடி. உங்கம்மா தூங்கிட்டு வந்தா. மலை ஏறுறதுக்கு முன்ன, லோயர் கேம்ப் தாண்டுறதுக்குள்ளயே தூங்கிட்டா, என் தோள்ல சாஞ்சு. வாயத் தொறந்து எச்சில் ஒழுக விட்டு என் ஜாக்கெட்டையே நனைச்சு வச்சிருந்தா. எழுப்பிவிடணும்னு நினைச்சேன், சரி பாவம், தூங்கட்டும்னு விட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாதுடி. நாந்தான் முழிச்சிருந்தேன்."

நான் அழுதேன். மயிலாடும்பாறை ஆட்டுக்குட்டிக்குப் பிறகு அன்றுதான் அழுதேன். அக்கா என் தலையை இழுத்து அதே தோளில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். அத்தை ஓடிவந்தாள். "ஏன்டி, உனக்கு அறிவு இருக்கா? பச்சப் புள்ளகிட்டப் போயி..."

"அதுக்கு எல்லாம் தெரியும் மதினி" என்றாள் அக்கா. "தெரிஞ்சுக்கிட்டேதான் கேக்குதாம்."

அப்பா சைக்கிளை விட்டுவிட்டார். அது சாய்ந்து விழுந்தது. அவர் அப்படியே பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தொழுகை முடிந்து வந்த ஆண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர் கீழே இறங்கி வந்து என் சொம்பை எடுத்து, நிதானமாக ஓதி ஊதினார். அதை என்னிடம் தரவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "முதல்ல நீங்க குடிங்க தம்பி" என்றார். அப்பா குடித்தார். மிச்சம் எனக்கு.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது அப்பா எல்லாம் சொன்னார். முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். பாதியில் நிறுத்தினார், பிறகு மறுபடி தொடங்கினார். அம்மா சாமான்கள் எங்கே என்று கேட்டேன். "முல்லையாத்துல விட்டாச்சு ஆத்தா. வழக்கம் அதுதான்" என்றார். தூக்குச்சட்டியுமா என்றேன். சைக்கிளை இன்னும் வேகமாகத் தள்ளினார். அந்தத் தூக்குச்சட்டிக்கு எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. விடுதிப் பேச்சு அதோடு நின்றது. "நானும் தனியாத்தான் அழுதுட்டுக் கெடந்தேன். இனிமே ரெண்டு பேரா அழுவோம்" என்றார்.

மறுநாளே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதன் பிறகும் வெகுநாள் பாயை நனைத்தேன். ஆனால் அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் பேசினார். டீச்சர் என் இடத்தைக் கதவோரம் மாற்றினார். "ஹாரன் கேட்டா வெளிய போயி நின்னுட்டு வா. என்கிட்டக் கேக்க வேண்டாம்" என்றார். சிறிது நேரம் கழித்து, "திமிருன்னு நெனச்சுட்டேன்டா" என்றார். தெருப் பெண்கள் அம்மாவைப் பற்றி வாய் திறந்தார்கள். ஒருத்தி அவள் சிரிப்பை நடித்தே காட்டினாள், அத்தைகூடச் சிரித்தாள்.

புதிதாக வந்த ஜீப் டிரைவர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் கேட்டார். "பாப்பா, பொம்பளையாளுக மழையில ரோடு வரைக்கும் நடக்குறாக. உங்க தெருவுக்குள்ள வந்து ஹாரன் அடிக்கலாமா?"

ஊரில் என்னைக் கேட்டுச் செய்த முதல் காரியம் அதுதான். நன்றாக யோசித்துவிட்டு, "ஒரு தடவை மட்டும். முனையிலயே" என்றேன். சரி என்று போனார். காலையில் ஒரு ஹாரன் கேட்டது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றும் நம் தெருவுக்கு எந்த ஜீப் வந்தாலும் முனையில் ஒரு தடவைதான் அடிக்கிறது. டிரைவர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். ஏன் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் இனி நீங்கள் சொல்லலாம்.

பழைய டிரைவர் அண்ணன் ஊரைவிட்டே போய்விட்டார். அவரும் உயிரோடுதான் தப்பியிருந்தார். நம் ஊர் அவரைப் பேசாத பேச்சில்லை. அவருக்கு யார் ஓதிவிட்டார்களோ, தெரியவில்லை.

பிறகு நானும் தோட்ட வேலைக்கு ஜீப்பில்தான் போனேன், உங்களோடு. ஏறி உட்கார்ந்ததும் நாம் எல்லோரும் தூங்கிவிடுவோம், ஒருத்தி தோளில் ஒருத்தி. ஒவ்வொரு தடவை என் தோள் நனையும்போதும் அக்கா பொய் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று தேவாரத்திலிருந்து அந்தச் சித்தி போன் செய்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறதாம், அழவே இல்லையாம், சமர்த்தாக விளையாடுகிறதாம். பேசுங்கள் என்று அதனிடம் போனைக் கொடுத்தாள். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றது. பிறகு, நான் எதுவும் கேட்காமலே, சித்திக்கும் கேட்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னது.

"அத்தை, எங்கம்மா எப்ப வரும்?"

எனக்கு அந்தக் குரல் தெரியும். அது நமக்காகக் கேட்கிற குரல்.

அவள் தூக்குச்சட்டியை யாரும் ஆற்றில் விட்டுவிடாதீர்கள். எடுத்து வையுங்கள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் தேவாரம் போகிறேன். அன்று மலையில் அவள் பக்கத்தில் வேலை பார்த்தவள் யாரோ, அவள் கட்டாயம் வர வேண்டும். அம்மா பயந்துச்சா, என்னையக் கூப்பிட்டுச்சா என்று அந்தப் பிள்ளை கேட்டால், பதில் சொல்ல அவளால்தான் முடியும்.